அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய அண்டை வீட்டாருக்கு என்ன சமைத்துக் கொடுக்கலாம், எப்படிக் கொடுக்கலாம்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் எதிர் வீட்டில் எழுபது வயதைக் கடந்த தம்பதியர் இருக்கிறார்கள். அந்த அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில். ஐயாவுக்கு வெந்நீர் வைப்பதற்கு மேல் சமையல் தெரியாது. நீங்கள் சமைத்துக் கொடுக்க விரும்புகிறீர்கள். உங்கள் கணவரோ, "பரிதாபப்பட்டுச் சோறு போடுவதாக நினைத்துக்கொள்ளப் போகிறார்கள்" என்று தயங்குகிறார். அவர்கள் சைவம், உங்கள் வீட்டில் மீனும் கறியும் சமைப்பதுண்டு. எதைச் செய்வது, எவ்வளவு செய்வது, தினமும் கொடுக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். கல்லூரியில் மனையியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையிலும், நோய்வாய்ப்பட்ட வீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் சமையலைப் பல மாதங்கள் சாப்பிட்டவள் என்ற முறையிலும் பதில் எழுதுகிறேன்.

உங்கள் கணவரின் அச்சத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் சமையலைவிட அதுதான் கடினமானது. அவர் வீணாக அஞ்சவில்லை. நம்முடைய சமூகத்தில் துக்க வீட்டுக்கு உணவு கொண்டுபோவதற்கு முறை இருக்கிறது. நோயாளி வீட்டுக்கு அப்படி ஒரு முறை இல்லை. இறப்பு நேர்ந்த வீட்டில் பெரும்பாலான சமூகங்களில் அடுப்பு மூட்டுவதில்லை. சம்பந்தி வீட்டார், மாமன் மைத்துனர், அண்டை வீட்டார் என்று இன்னார் இன்ன வேளைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே நடக்கும். இஸ்லாமியரிடத்திலும் இது வேரூன்றிய வழக்கம். நபித்தோழர் ஜஅஃபர் போரில் உயிர் நீத்த செய்தி வந்தபோது, அவருடைய குடும்பத்தாருக்கு உணவு தயாரித்துக் கொடுங்கள் என்று நபிகள் நாயகம் சொன்னதாக நபிமொழித் தொகுப்புகளில் இருக்கிறது. முறை என்று ஒன்று இருப்பதால் அந்த உணவைப் பெறுகிறவர் தம்மைத் தாழ்வாக எண்ணுவதில்லை. நாளை அவரும் இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறவர்தாம். நோயிலோ அப்படி ஒரு பாதை போடப்பட்டிருக்கவில்லை. நீங்கள் பாத்திரத்தோடு வாசலில் நிற்பதற்கு வழக்கம் என்ற துணை கிடையாது, உங்கள் அன்பு மட்டுமே காரணம். அதனால்தான் இரு பக்கமும் கூச்சம் வருகிறது.

இங்கே ஒரு பழைய சொல் எனக்கு உதவியாக இருந்திருக்கிறது. குறியெதிர்ப்பை என்று அதற்குப் பெயர். அளவு குறித்து அரிசியோ பருப்போ கடனாக வாங்கி, அதே அளவைத் திருப்பித் தருவது. வறியவருக்குக் கொடுப்பதே ஈகை, மற்றவையெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மை உடையவை என்று வள்ளுவர் 221 ஆம் குறளில் அதை ஒரு படி கீழே வைக்கிறார். ஈகையின் பெருமையைச் சொல்ல வந்தவர் அவ்வாறு சொன்னது பொருத்தமே. ஆனால் சமமானவர்களான இரண்டு வீடுகளுக்கு நடுவில் ஈகையைவிடக் குறியெதிர்ப்பைதான் மரியாதையானது என்பது என் கருத்து. புறநானூற்றின் 163 ஆம் பாட்டில், குமணன் என்ற வள்ளலிடம் பரிசில் பெற்று வீடு திரும்பிய புலவர் பெருஞ்சித்திரனார், யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று தம் மனைவிக்குச் சொல்லும் வரிசையில், குடும்பத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்தவர்களையும் சேர்க்கிறார். அந்த வீட்டில் உலை வைப்பதற்கு அரிசி தந்த அண்டை வீட்டுப் பெண்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் கொடுத்தது தானம் அன்று, கைமாற்று. அதனால்தான் புலவரின் மனைவி தலைகுனியாமல் அடுத்த முறையும் போய்க் கேட்டிருப்பார்.

எவர்சில்வர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கத்தையும் நான் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். சீர்வரிசை, திருட்டு பயம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் வீட்டை விட்டு வெளியே போகாத பாத்திரத்துக்குப் பெயர் எதற்கு? அது ஊர்வலம் போனது, கலந்தது, மாறியது, அதனால் பெயர் தேவைப்பட்டது. அப்படிப் போன பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கமும் இல்லை. ஒரு கரண்டிச் சர்க்கரை, ஒரு பிடி முருங்கைக்கீரை, இரண்டு எலுமிச்சம்பழம், இப்படி ஏதாவது ஒன்று அதில் இருக்கும். ஆகவே எதிர் வீட்டுக்குச் சாப்பாடு கொடுக்கத் தொடங்கும் அன்றே அவர்களிடமிருந்து எதையாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொட்டிக் கறிவேப்பிலையோ, பழைய செய்தித்தாளோ, உங்கள் பிள்ளைக்கு ஐயா அரை மணி நேரம் சொல்லித் தரும் கணக்கோ, எதுவாக இருந்தாலும் சரி. உங்கள் கணவரின் அச்சத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

கடன் சுமை போயிற்று என்றால் அடுத்தது வேலைச் சுமை, அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். என் கணவர் படுக்கையில் இருந்த காலத்தில் ஒரே நாளில் ஆறு வீட்டுச் சாம்பார் வந்தது. ஆறும் அருமையான சாம்பார். சாப்பிட நாங்கள் இருவர், அதிலும் ஒருவருக்குக் கஞ்சிதான். குளிர்சாதனப் பெட்டியில் இடமில்லை. கொட்டுவதற்கு மனம் வரவில்லை. யாருடைய பாத்திரம் எது என்று குறித்துவைத்து, கழுவித் துடைத்து, ஆறு படியேறித் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. கொண்டுவந்தவர்களில் நால்வர் உட்கார்ந்து பேசினார்கள், நான் காப்பி போட்டேன். அவர்கள் மேல் எனக்கு இன்றும் நன்றி உண்டு. ஆனால் அன்று மாலை நான் அழுததற்கு நோய் மட்டும் காரணமில்லை.

அதனால், "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான், "ஒன்றும் வேண்டாம், உங்களுக்கு எதற்குச் சிரமம்." அதற்கு மாறாக, "நாளை இரவுக்கு இட்லியும் சாம்பாரும் கொண்டுவருகிறேன், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று வேளையையும் பண்டத்தையும் குறித்துச் சொல்லுங்கள். இரவு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உதவ வருகிற எல்லோருக்கும் மதியச் சாப்பாடுதான் கண்ணில் படுகிறது. குழம்பு, கூட்டு, பொரியல் என்று அது ஒரு படையலாகவும் அமைகிறது. நோயாளி வீட்டில் உண்மையில் முடங்கிப்போவது காலைப் பலகாரமும் இரவுப் பலகாரமும்தான். நீங்கள் ஒரே ஒரு பொருள் கொடுக்க முடியுமென்றால், ஒரு தூக்குவாளி இட்லி மாவு கொடுங்கள். அது இரண்டு மூன்று நாள் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும், பசிக்கிற நேரத்தில் ஊற்றிக்கொள்ளலாம். வெந்நீர் வைக்கத் தெரிந்த ஐயாவுக்கு இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றக் கற்றுக்கொடுப்பது பெரிய காரியமில்லை. தம் மனைவிக்குத் தாமே இட்லி அவித்துக் கொடுத்தோம் என்ற நிறைவும் அவருக்கு இருக்கும். எழுபது வயதுக்கு மேல் அடுப்படிக்குள் நுழைந்த ஆண்கள் சிலரை நான் பார்த்திருக்கிறேன், அவர்களுடைய பெருமிதம் வேடிக்கையாகவும் இருக்கும், மனத்தைத் தொடவும் செய்யும்.

இனி அந்த அம்மாவுக்கு எது ஏற்றது என்பதைப் பார்ப்போம். முதலில் மருத்துவர் ஏதேனும் உணவுக் கட்டுப்பாடு சொல்லியிருக்கிறாரா என்று ஐயாவிடம் கேட்டுவிடுங்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு ஆகிய மூன்றையும் பெயர் சொல்லியே கேளுங்கள். சிறுநீரகம் பழுதுபட்டவருக்குப் பொட்டாசியம் கேடு செய்யக்கூடும் என்பதால், உடம்புக்கு நல்லது என்று நாம் ஓடிப்போய் வாங்கிக் கொடுக்கும் இளநீரே அவருக்கு ஆகாததாகிவிடும். இடுப்பு அறுவைக்குப் பிறகு இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து கொடுப்பதுண்டு. அது வார்ஃபரின் என்றால், கீரைகளில் நிறைந்திருக்கும் வைட்டமின் கே அம்மருந்தின் வேலையைக் குறைக்கும். கீரையையே விலக்க வேண்டியதில்லை, ஆனால் இதுவரை அவர் உண்டுவந்த அளவை நாம் திடீரென்று கூட்டிவிடக் கூடாது. எனவே, "எலும்புக்கு நல்லது" என்று தினமும் முருங்கைக்கீரை அனுப்பும் எண்ணம் இருந்தால், கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

கட்டுப்பாடு எதுவும் இல்லையென்றால், அவருக்கு இப்போது அதிகம் வேண்டியது புரதம். சைவ உணவில் அது பருப்பிலிருந்தும் பயறிலிருந்தும் பாலிலிருந்தும்தான் வர வேண்டும். முதுமையில் பசி குறைந்து, ஒரு கை ரசஞ்சோறோடு எழுந்துவிடுவார்கள். எலும்பும் தசையும் கூடுவதற்கு அது போதாது. பாசிப்பருப்பு போட்ட கூட்டு, மெத்தென்று வார்த்த அடை, குழைய வேகவைத்து மிளகு தூவிய பயறு, உறைத் தயிர் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். மிளகுப் பொங்கலில் வழக்கத்தைவிடப் பருப்பைக் கூட்டிப் போட்டால் நெய்யைக் குறைத்துக்கொள்ளலாம். வலி மருந்துகள் சிலவற்றாலும் படுத்தே இருப்பதாலும் மலச்சிக்கல் வரும். சுரைக்காய், அவரைக்காய், பீர்க்கங்காய், கொய்யாப்பழம் ஆகியவை உதவும். இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். கழிவறைக்கு எழுந்து போவது வேதனையாக இருப்பதால் இவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள், வெளியே சொல்லவும் மாட்டார்கள். உப்பைக் குறைத்து, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட நீர்மோரை ஒரு குடுவையில் கொடுத்தால் குடித்துவிடுவார்கள்.

உண்ணும் விதத்தையும் எண்ணிப் பாருங்கள். கட்டிலில் சாய்ந்து, தட்டை மடியில் வைத்து உண்பவருக்குத் தண்ணீராக ஓடும் ரசமும், எலும்பைப் போல் சுரண்டித் தின்ன வேண்டிய முருங்கைக்காயும் தொல்லை. கரண்டியால் எடுத்து உண்ணும்படி பிசைந்த சாதமோ, கையில் பிடித்து உண்ணும் பண்டமோ ஏற்றது. பல் எப்படியென்று பாருங்கள்.

சைவ வீட்டுக்கு அசைவ வீட்டிலிருந்து உணவு போவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நேரடியாகப் பேசிவிடுவதே நல்லது: "எங்கள் வீட்டில் மீன் சமைப்பதுண்டு, உங்களுக்கென்று தனிப் பாத்திரத்தில், அன்று அசைவம் செய்யாமல் சமைத்துத் தருகிறேன், உங்களுக்குச் சம்மதமா?" பெரும்பாலானோர் அந்த வெளிப்படையான பேச்சிலேயே நெகிழ்ந்துவிடுவார்கள். முட்டை சேர்ப்பார்களா, வெங்காயம் பூண்டு உண்டா, எந்தெந்த நாளில் விலக்குவார்கள் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சமண வீடாக இருந்தால் உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்ற மண்ணுக்கடியில் விளைபவை ஆகா, பொழுது சாய்ந்தபின் உண்பதும் இல்லை.

சம்மதமில்லை என்று அவர்கள் சொன்னால் அதில் இரண்டு வகை இருக்கிறது, நீங்கள் அறிந்துவைத்திருப்பது நல்லது. ஒன்று, புலால் தொட்ட பாத்திரம் கூடாது என்ற உணவு நியமம்; அது அவர்களுடைய உரிமை, மதிக்கத்தக்கது. மற்றொன்று, இன்னார் கை பட்ட சோறு கூடாது என்ற சாதி நியமம். பச்சையாகக் கொடுத்த அரிசி, காய், பழம் ஆகியவற்றை யாரிடமிருந்தும் வாங்கிக்கொள்ளலாம், வெந்த சோற்றை அப்படி வாங்கலாகாது என்ற கணக்கு இந்த மண்ணில் நெடுங்காலம் நடந்திருக்கிறது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது, 1924-25 ஆம் ஆண்டுகளில் தமிழகக் காங்கிரசையே உலுக்கிய பிரச்சினையாயிற்று. அப்போது காங்கிரசில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து நின்றார்கள். ஒரு பந்தியில் யார் யாரோடு உண்பது என்பது சிறிய விஷயமாக இங்கு ஒருபோதும் இருந்ததில்லை. அந்த இரண்டாம் வகையை நான் ஏற்பதில்லை, மதிக்கச் சொல்லவும் மாட்டேன். ஆனால் எலும்பு முறிந்து கிடக்கும் ஒருவருடைய கட்டிலருகே நின்று அந்த வழக்கைத் தீர்க்க வேண்டியதில்லை. காரணம் எதுவாக இருந்தாலும், அவர்கள் தயங்கினால் நறுக்கிய காய்கறி, பழம், பால் என்று கொடுங்கள். காய் நறுக்கித் தருவதுகூடப் பெரிய உதவிதான். உங்கள் மனம் அதற்கும் இடம் தராவிட்டால் விட்டுவிடுங்கள். அவமதிப்பைத் தாங்கிக்கொண்டு அன்பு காட்ட வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

பாதுகாப்பைப் பற்றி ஓரிரு விதிகள் சொல்கிறேன், முதியவர் என்பதால் இதில் சலுகை கிடையாது. சமைத்த உணவை அறையின் வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. சோற்றில் இது இன்னும் முக்கியம். பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் உலையில் கொதித்தாலும் சாவதில்லை, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்து நஞ்சை உண்டாக்குகின்றன, வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. காலையில் வடித்த சோற்றை இரவுக்குச் சுட வைத்துக் கொடுப்பது ஆகாது என்பதற்கு இதுவே காரணம். தேங்காய்ச் சட்னியும் தேங்காய் அரைத்துவிட்ட கூட்டும் கோடையில் முதலில் கெடும். அன்றைய வேளைக்கு மட்டும் அனுப்புங்கள். வைத்திருந்து உண்ண வேண்டுமென்றால் புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் என்று நம் கட்டுச்சோற்று மரபிலேயே வழி இருக்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவருக்கு ஊறுகாய் மட்டும் வேண்டாம். தயிர்ச்சோறு அனுப்பினால், சோற்றை ஆறவைத்து, காய்ச்சி ஆறிய பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர்த்தால் உண்ணும் நேரத்தில் புளிப்பேறாமல் இருக்கும். கொதிக்கும் குழம்பைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றாதீர்கள். திருப்பித் தரும் கவலை அவர்களுக்கு வேண்டாம் என்று நினைத்தால், பலகாரத்தை அனலில் வாட்டிய வாழையிலையில் மடித்துக் கட்டிக் கொடுக்கலாம்.

அளவைப் பொறுத்தவரை, இருவருக்கு ஒரு வேளை, அதற்கு மேல் ஒரு கரண்டிகூட வேண்டாம். அண்டை வீட்டுக்கென்று தனியாக ஒரு விருந்து சமைக்க வேண்டியதுமில்லை. குழம்பு வைக்கும்போது தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள் என்று அபூதர் என்ற தோழருக்கு நபிகள் நாயகம் சொன்னதாக ஒரு நபிமொழி உண்டு; சமையல் தெரிந்தவர் சொன்ன அறிவுரை போலவே அது எனக்குப் படுகிறது. பெரிய ஏற்பாடாகச் செய்தால் நான்காம் நாள் நீங்கள் சலித்துப்போவீர்கள். உங்கள் வீட்டுக்கு வைக்கிற கூட்டில் இரண்டு கரண்டி கூடுதலாக வைத்தால் மூன்று மாதம் ஆனாலும் சலிக்காது, "கொஞ்சம் கூடுதலாகிவிட்டது" என்று சொல்லிக் கொடுக்கவும் வசதியாக இருக்கும். அது பொய் என்பது இரு வீட்டுக்கும் தெரியும், ஆனாலும் நம் ஊரில் அதை யாரும் பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை.

தினமும் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள், திங்களும் வியாழனும் என்பதுபோல், கிழமை குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்பில் மனமுள்ள வேறு வீடுகள் இருந்தால் மற்றக் கிழமைகளை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், ஒரே நாளில் ஆறு சாம்பார் வராமலும் இருக்கும். முதல் வாரத்தில் பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்சும் ஆப்பிளுமாகக் குவித்துவிடுவார்கள். மூன்றாம் வாரத்துக்குப் பிறகுதான் யாரும் வராத நாட்கள் தொடங்கும். நடைப்பயிற்சி நடந்துகொண்டிருக்கும், ஐயா இரவெல்லாம் விழித்து ஓய்ந்திருப்பார், அப்போது உங்கள் வியாழக்கிழமைக்கு வேறொரு மதிப்பு இருக்கும். ஐயாவின் தட்டையும் கவனியுங்கள். நோயாளிக்கு எல்லோரும் பத்தியம் பார்த்துக் கொடுப்பார்கள். உடனிருந்து பார்த்துக்கொள்பவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்பதற்கு ஆளிருக்காது. அவருக்குக் காரமான வத்தக்குழம்பு பிடிக்கும் என்றால் அதை ஒரு கிண்ணத்தில் தனியாக வையுங்கள்.

கொடுத்தபின் வாசலிலேயே இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிவிடுங்கள், அவர்களாக உட்காரச் சொன்னாலொழிய. உப்பு சரியாக இருந்ததா என்று மறுநாள் கேட்காதீர்கள். அடுத்த முறைக்கு உப்பைக் குறைக்க வேண்டுமா என்று வேண்டுமானால் கேளுங்கள், இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. குடியிருப்பின் வாட்சப் குழுவில் படம் போடவே கூடாது. பாத்திரம் உடனே திரும்ப வராவிட்டால் நினைவூட்ட வேண்டாம், கூடுதலாக இரண்டு தூக்குகளை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அது திரும்பி வரும்போது, ஐயா கடையில் வாங்கிய பத்து ரூபாய்க் கடலைமிட்டாய் அதற்குள் இருந்தால், "ஐயோ, இதெல்லாம் எதற்கு" என்று சொல்லிவிடாமல் வாங்கி, அவர் எதிரிலேயே உங்கள் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள்.